எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னல்

"ஆணியை எடுடி, சீக்கிரம்!"

நாற்காலி மேல் நின்றபடி தணிகாசலம் கத்தினார். சாமான் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது எதிர்வீட்டு வாசலில் நிற்பதற்குள் ஜன்னலை மறைத்தாக வேண்டும். பழைய கட்டில் பலகையை அறுத்து, பட்டை பட்டையாகச் சட்டத்தில் அடித்து, அவரே செய்த மரத்தட்டி அது.

"ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டியிருக்கலாம்," என்றாள் மனைவி வேதவல்லி.

"துணின்னா காத்துல பறக்கும்."

"பறந்தா என்னங்க? நான் ஒரு தடவை பார்த்துக்கிறேனே."

சுத்தியல்தான் பதில் சொன்னது. கடைசி ஆணியும் இறங்கி, அறை இருண்டது. வெளியே வண்டி நின்றது. ஏதோ குழந்தை சிணுங்கியது. வேதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பினால், தணிகாசலம் கீழே இறங்கி, பட்டைகளின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தார்!

"என்னங்க இது! போட்ட சபதமெல்லாம் என்ன ஆச்சு?"

"அவ என் முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் அவளைப் பார்க்க மாட்டேன்னு சொன்னேனா?" கண்ணை எடுக்காமலே பக்கத்துப் பட்டையைத் தட்டிக் காட்டினார். "உன் உயரத்துக்கும் ஒரு இடுக்கு விட்டிருக்கேன். சீக்கிரம் வாடி, கையில குழந்தையோட நம்ம பொண்ணு இறங்கறா."