தூக்குச்சட்டி சொன்ன பதில்

கிட்ட வந்து உட்காருங்க, இது கத்திச் சொல்ற கதை இல்லை.

கட்டறுந்த மர வள்ளம் ஒன்று காலைப் பனிமூட்டத்தில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டது. எதிரே பெரிய கப்பல் ஒன்று நேராக அதன் மேலேயே வந்துகொண்டிருந்தது.

"ஐயா, நான் இங்க இருக்கேன், ஒதுங்கிப் போங்க" என்று வள்ளம் தொண்டை கிழியக் கத்தியது. கப்பல் உச்சியில் சுற்றிக்கொண்டிருந்த ரேடார் சட்டையே செய்யவில்லை.

வள்ளத்துக்குள் கிடந்த அலுமினியத் தூக்குச்சட்டி மெல்லச் சொன்னது: "அதுக்கு அடுத்தவன் குரல் கேக்காது அண்ணே. தான் விட்ட குரல் திரும்பி வரணும். வர எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்துத்தான் தூரத்தையே அளக்கும்."

"என் மேலயும்தானே படுது?"

"உன் மரத்துல பட்டது முக்கால்வாசி ஊறிப்போயிடுது. என் வயித்துல பட்டா டங்குன்னு திரும்பும்."

"கஞ்சி சுமக்கிற சட்டிக்குப் பேச்சைப் பாரு" என்றது வள்ளம். சொல்லும்போதே அதன் பலகையெல்லாம் நடுங்கியது. கப்பல் அவ்வளவு நெருங்கிவிட்டது.

சட்டி கயிற்றைப் பிடித்துப் பாய்மர உச்சிக்கு ஏறித் தொங்கியது.

"யாரு அங்க?" என்றது ரேடார்.

சட்டி தன் பேரைச் சொல்லவில்லை. "யாரு அங்க?" என்று அப்படியே திருப்பிச் சொன்னது.

"அடடே, நம்மள மாதிரி யாரோ பெரிய மனுசர். ரொம்பக் கிட்ட நிக்கிறாரே" என்று ரேடார் பதற, கப்பல் வளைந்து ஒதுங்கிப் போனது.

"இறங்கி வா தம்பி, இனிமே உன்னைக் கஞ்சிச்சட்டின்னு சொல்லமாட்டேன்" என்றது வள்ளம்.

மூட்டத்துக்குள் தூரத்தில் இன்னொரு கப்பல் உறுமியது. சட்டி இறங்காமல், வயிற்றை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டது.