பொட்டு வைத்த பற்றரி

"இதை விக்க உமக்கு வெக்கமா இல்லையோ?"

சோமசேகரம் போட்ட சத்தத்தில் உட்துறைமுக வீதியில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருடம் கந்தோரில் மேலதிகாரியாக மற்றவர்களை அதட்டிப் பழகிய குரல், லேசில் இறங்காது.

கடைக்காரன் நிக்கலஸுக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் காட்டியது, பழையவற்றைப் பிரித்து, நல்ல செல்களை மட்டும் பொறுக்கி அவன் கட்டியிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றரி.

"ஒவ்வொரு செல்லாச் சோதிச்சுத்தான் கட்டினனான் ஐயா. புதுசு வாங்க ஏலாத சனமும் இருக்குத்தானே."

"ஏழையெண்டா எரிஞ்சு சாகோணுமோ? நாளைக்கு ஒரு வீடு பத்தினா ஆர் பொறுப்பு? மனச்சாட்சி வேணும் காணும்!"

மகள் நிவேதிகாவின் ஸ்கூட்டருக்கு, உத்தரவாத அட்டையோடு இருந்த புதியதையே வாங்கினார். கழற்றிய பழையது நடுவில் ஊதிப் பருத்திருந்தது. வாணி விழாப் பூசையில் வைத்த சந்தனப் பொட்டு அதன் மேல் காய்ந்து கிடந்தது.

"இதை இனிச் சார்ஜ் போடவே கூடாது ஐயா, வெடிச்சுப் பத்தும். விட்டிட்டுப் போங்கோ, ஒழுங்கா அழிக்கக் குடுக்கிறன்."

"உம்மிட்ட விட்டா அதையும் பிரிச்சு விப்பீர். நானே பாத்துக்கொள்றன்."

அந்தப் பேச்சு நிக்கலஸைத் தைத்துவிட்டது. மனிதர் சொன்னதில் என்ன பிழை என்று தன்னையே திட்டிக்கொண்டு, கட்டி வைத்திருந்த பற்றரிகளை எல்லாம் மேசைக்குக் கீழே தள்ளினான்.

பின்னேரம் மரியமலர் வந்தாள். சாம்பல்தீவிலிருந்து ஸ்கூட்டரில் பெட்டி கட்டி வந்து வீடு வீடாக மீன் விற்கிறவள். நிவேதிகாவுடையது போன்ற ஸ்கூட்டர்தான் அவளதும்.

"அண்ணே, மலிவா ஒண்டு கட்டித் தாறன் எண்டனீங்களே?"

"இல்லைத் தங்கச்சி. அந்த வேலையை விட்டிட்டன்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். நாலாம் நாள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மறுபடி வந்தாள்.

"அண்ணே, வேறயொரு பற்றரி வாங்கினனான். நல்லாச் சுடுது. பிள்ளையள் படுக்கிற அறையிலதான் சார்ஜ் போடுறனான், பயமாக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

நிக்கலஸ் இருக்கையைத் தூக்கினான். ஊதிய பற்றரி. அதன் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு.

சோதித்துக் கட்டிய பற்றரிகள் மேசைக்குக் கீழே தூசு பிடித்துக் கிடந்தன.

"இதை ஆர் தந்தது?"

"நான் மீன் குடுக்கிற சோமசேகரம் ஐயாதான் வித்தவர். ஏன் ஊதியிருக்கெண்டு கேட்டனான். நல்லாச் சார்ஜ் பிடிக்கிறது அப்பிடித்தான் எண்டார். தங்கமான மனிசன் அண்ணே. 'கடைக்காரரை நம்பாதை பிள்ளை, அவங்களுக்கு மனச்சாட்சி இல்லை' எண்டு சொல்லித்தான் தந்தவர்."