புகை வராத புகைபோக்கி

புஸ்பவதிக்குப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு ஓயாத சண்டை. தனியாக இருக்கும் குணசேகரம் பழைய இரும்பு அடுப்பில் விறகைப் போட்டால், இவள் காயவிட்ட உடுப்பெல்லாம் கரி மணக்கும்.

"அண்ணை, இனிப் பொறுக்க ஏலாது. நகரசபைக்கு அறிவிச்சுப்போடுவன்."

"வேண்டாம் தங்கச்சி, புது அடுப்பு வாங்கிறன். நீங்களே வந்து ஒண்டு பாத்துச் சொல்லுங்கோவன்."

வுப்பர்டால் நகரத்துக் கடையொன்றில் புகையை உள்ளேயே எரித்துவிடும் அடுப்பொன்றை அவள்தான் தெரிவுசெய்தாள். வெள்ளிக்கிழமை பூட்டினார்கள். புகைபோக்கிகளைச் சோதிக்கிற அலுவலரும் வந்து பார்த்து, இனி எரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மருந்துக்கும் புகை இல்லை. பனி கொட்டிய நாட்களிலும் இல்லை. ஜன்னலால் பார்த்துப் பார்த்துப் பூரித்த புஸ்பவதி, சந்தித்தவர்களிடமெல்லாம் அந்த அடுப்பைப் புகழ்ந்தாள்.

"எனக்கும் அதுதான் வேணும். ஒருக்கா நேரில பாப்பமே?" என்றாள் சிநேகிதி கமலநாயகி.

இருவரும் போய் மணி அடித்தார்கள். பதில் இல்லை. கமலநாயகி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புக்கு முன்னால இருந்து நித்திரை கொள்ளுறார் போல."

எவ்வளவு தட்டியும் அவர் அசையவில்லை. அவர்கள் அழைக்க வந்து, கதவை உடைத்து உள்ளே போன தீயணைப்புக்காரர், உயிர் போய்ப் பல நாளாகிவிட்டது என்றார்.

புஸ்பவதி அடுப்பைப் பார்த்தாள். அதன் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. உள்ளே அழகாக அடுக்கியிருந்த விறகில் ஒரு குச்சிகூடக் கருகியிருக்கவில்லை.