அப்பா காட்டாத படங்கள்

"ஃபோன் தொலைஞ்சா படமெல்லாம் போயிடும்ப்பா. கிளவுட்ல ஏத்திடறேன், குடுங்க," என்றாள் மகள்.

"என் படத்தை ஊரான் பீரோவுல எதுக்கும்மா வைக்கணும்?" அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அப்பா, ஃபோனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"ஏன், எனக்குத் தெரியாம சித்தி கித்தி யாராவது பார்த்து வெச்சிருக்கீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகக் கேட்டவளுக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் குளிக்கப் போனதும் ஃபோனைத் தன் கிளவுட் கணக்கோடு இணைத்துவிட்டாள்.

மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பி, படங்களைத் திறந்தாள். பெண் யாருமில்லை. வாசல் கதவு இருந்தது. 'இதுதான் உன் வீடு' என்று படத்தின் மேலேயே எழுதியிருந்தார் அப்பா. அடுத்தது அடுப்பு. 'அணைத்துவிட்டாயா, பார்.'

கடைசிப் படத்தில் அவளே இருந்தாள்.

'உன் மகள். ஞாயிறுதோறும் வருவாள். பெயர் நினைவுக்கு வராவிட்டால் கேட்காதே. கண்ணு என்று கூப்பிடு.'