தினம் ஒரு லைக்

“கோச், இன்னிக்கு அந்தப் பையன் போட்ட படத்துக்கு லைக் போட்டீங்களா?”

“ஜெபம் முடிஞ்சதும் அதானேப்பா முதல் வேலை! நாய்க்குட்டி சேத்துல உருண்டு புரண்டுட்டு வந்து நிக்குது. ஒரு லைக் போட்டேன்.”

வேவர்லி கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஹாஸ்கெட், அறுவை சிகிச்சை செய்த முழங்காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். துணைப் பயிற்சியாளர் ரெஜி தன் கைப்பேசியை காபிக் கோப்பையின்மேல் சாய்த்து வைத்தான். திரையில் மில்பர்ன் உயர்நிலைப் பள்ளியின் அரங்கம் நேரலையாகத் தெரிந்தது. மேசைமேல் நான்கு கல்லூரிகளின் தொப்பிகள். அந்தப் பள்ளியின் நட்சத்திர ஆட்டக்காரன் டெவன் பிங்க்னி அவற்றில் ஒன்றை எடுத்துத் தலையில் வைக்கப் போகிறான். எந்தத் தொப்பியோ, அந்தக் கல்லூரிக்குத்தான் அவன் ஆடுவான்.

“நம்ம தொப்பி இருக்கா?”

“ஓரத்துல இருக்கு கோச். மத்த மூணும் டிவியில வர்ற பெரிய இடம்.”

ஹாஸ்கெட் பெருமூச்சு விட்டார். டெவன் போல ஓர் ஆட்டக்காரன் வந்து அணி தலைநிமிராவிட்டால், இந்த ஆண்டோடு வீட்டுக்குப் போகலாம் என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார்.

“இந்த போன் வேலையெல்லாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒரு பையனைத் தெரிஞ்சுக்கணும்னா அவன் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில உக்காந்து பேசணும்.”

“உக்கார்றதுக்கு முழங்கால் மடங்கணுமே கோச்!”

“கிண்டலா? நீதான் தினம் மெசேஜ் அனுப்புறியே, என்ன கிழிச்சே?”

“ஒண்ணுக்கும் பதில் இல்ல. அவனுக்கு லைக் போடாத கோச்சே இந்த நாட்டுல கிடையாது. நம்மளை எங்க கவனிக்கப் போறான்?”

பையன் ஒரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போடும்வரை அவனுடைய இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி பயிற்சியாளர்கள் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. லைக் மட்டும் போடலாம். அது விதி. அதனால் ஹாஸ்கெட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்க, தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு லைக் போட்டு வந்தார். கடமைக்கு ஆரம்பித்தது. போகப் போக, அந்தப் பையன் ஒருநாள் எதுவும் போடாவிட்டால் அவருக்குக் கவலையாகிவிடும்.

“ஒண்ணு சொல்றேன் ரெஜி. ஆறடி ஒன்பது அங்குலம் வளர்ந்திருக்கான். தன் மூஞ்சியை ஒருநாள் போடல பாரு. நாய்க்குட்டி, அம்மா சுட்ட பான்கேக், சர்ச்சுல நாற்காலி அடுக்குறது, அவ்வளவுதான். இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பையனா!”

“உஷ்! எடுக்கப் போறான் கோச்!”

டெவனின் நீண்ட கை மூன்று தொப்பிகளைத் தாண்டிப் போனது. ஓரத்தில் இருந்ததை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

ரெஜி போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். “பாத்தீங்களா? இனிமே லைக்கைக் குறை சொல்வீங்களா?”

“ஆண்டவரே!” என்றார் ஹாஸ்கெட்.

சனிக்கிழமை டெவன் தன் அம்மாவோடு கல்லூரியைப் பார்க்க வந்தான். கூடவே கண்ணாடி போட்ட குள்ளமான பையன் ஒருவன்.

ஹாஸ்கெட் கைத்தடியை ஊன்றி எழுந்து டெவனின் கையைப் பிடித்துக்கொண்டார். “வாப்பா, வா. உன் நாய்க்குட்டி எப்படி இருக்கு?”

டெவன் சிரித்தான். “என் நாயா? நாய்முடி பட்டாலே எனக்குத் தும்மல் நிக்காது கோச். இவன் நாயைத்தான் சொல்றீங்க. நீங்க தினம் லைக் போடுற காலேப் இவன்தான்! எங்க டீம்ல பெஞ்சுக்குக் காவல். என்னோட பழைய இருபத்துமூணாம் நம்பரை இந்த சீசன்ல இவனுக்குக் குடுத்தாங்க. அந்தப் பெருமையில தன் பக்கத்துக்கே ‘மில்பர்ன் 23’னு பேர் வச்சுக்கிட்டான்.”

ஹாஸ்கெட் டெவனின் ஆட்டத்தை நேரில் பார்த்தது ஒரே முறை, அதற்கு முந்தைய சீசனில். சட்டையில் இருந்த எண் இருபத்து மூன்று. பள்ளியின் பெயரோடு அந்த எண்ணைப் போட்டுத்தான் அவர் பையனைத் தேடினார்.

ரெஜி அவரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

டெவனின் அம்மா முன்னால் வந்தாள். “எத்தனையோ கோச்சுங்க என் பிள்ளை தலை சீவினாக்கூட லைக் போட்டாங்க. நீங்க மட்டும் போடல. யாருடா இவருன்னு பாத்தா, ஒரு ஆட்டத்துலகூட இறங்காத காலேப்புக்கு தினம் லைக் போட்டுக்கிட்டு இருக்கீங்க! தனக்கு உதவாத பிள்ளையைக் கவனிக்கிற மனுஷன் என் பிள்ளையைக் கைவிட மாட்டாருன்னு நான்தான் உங்க தொப்பியை எடுக்கச் சொன்னேன்.”

ஹாஸ்கெட்டுக்குக் காது சிவந்தது. பேசாமல் இருந்தால் வேலை தங்கும். ஆனால் நாளைக் காலையும் ஜெபம் பண்ண வேண்டுமே.

“அம்மா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் வந்து...”

அவர் முடிப்பதற்குள் காலேப் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டு, காதோரம் கிசுகிசுத்தான்:

“நீங்க தேடினது அவனைத்தான்னு எனக்கு முதல் வாரமே தெரியும் கோச். சொல்லிடாதீங்க. நீங்க என்னைக் கவனிக்கிறீங்கன்னு டெவன் ஸ்கூல் முழுக்கச் சொன்னதுக்கு அப்புறம்தான், மத்தியானச் சாப்பாட்டுல என் பக்கத்துல ஆள் உக்காருது.”