மாலைப் படகின் குரல்

சென்னைக் கடலில் ஓடும் மாலைப் படகில் நான்தான் வழிகாட்டி. எம்.ஏ. வரலாறு. ஆனால் கம்பெனிக்கு என் குப்பத்துப் பேச்சு ஆகாது. நான் எதைச் சொன்னாலும், பயணிகளின் காதில் செருகிய கருவி அதை மாற்றி, இனிமையாக வேறு ஏதாவது சொல்லும்.

நேற்று கரையோர விளக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, முன்னால் மிதக்கும் சிவப்புக் கொடியைப் பார்த்தேன். அப்பா விரித்த வலை. படகுக்கு ஓட்டுநர் கிடையாது. நிறுத்தும் பொத்தான் பயணிகள் தொட்டால்தான் வேலை செய்யும்.

"வலை கிடக்குது! யாராச்சும் நிறுத்துங்க!"

"அட ஆமா, அலை தங்கமா மின்னுது!" என்றார் ஒருவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

முன்வரிசை அம்மாளின் காதுக் கருவியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கத்தினேன்.

"ஏம்மா இப்படிக் கத்துற? இவ்ளோ நேரம் எவ்ளோ அழகாப் பேசின!" என்று அவர் காதைப் பொத்திக்கொண்டார். அதற்குள் படகு வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

கரையில் அப்பா கிழிசலைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் படகுல நீதான இருந்த, புஷ்பம்? இவ்ளோ படிச்சவ சொல்லியுமா கேக்கல?"

"கேட்டாங்க நைனா. அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க."