கொஞ்சினவர்

"அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லுங்கள்," என்றாள் விசாரணை அதிகாரி.

"ஃபாண்டில்," என்றாள் அனுசூயா.

ஐந்து வயது துவாரகா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "தங்கராசா மாமா என்னைக் கொஞ்சினவர். தாடி குத்தினது."

அனுசூயா சென்னையில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவள். கணவர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊர்க் கல்லூரியில் பேராசிரியர். மொழிபெயர்க்கத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று போலீஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள், வந்தாள். 'கொஞ்சு' என்றால் ஃபாண்டில் என்று அவள் படித்த அகராதி சொன்னது. அகராதி எழுதியவர் காலத்தில் அது தாய்மார் குழந்தையிடம் செய்கிற காரியம். இந்த ஊரில், இந்த வருஷத்தில், அது பிள்ளைகளைத் தகாத விதத்தில் தடவுவதற்குப் போலீஸ்காரர்கள் சொல்கிற சொல்.

அதிகாரியும் கூட இருந்த போலீஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனாலும் திருத்தவில்லை. அவளும் பத்திரிகை படிக்கிறவள்தானே. அந்தக் கோடை முழுக்க, குழந்தைகளைக் கெடுத்த எவனோ ஒருவனின் முகத்தைத்தான் டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவேளை இந்த ஆளும் அப்படியிருந்தால்?

தங்கராசா லாசால் பகுதியில் துவாரகாவின் வீட்டுக்கு மேல்வீட்டுக்காரர். பிள்ளையின் அம்மா கிளி தையல் ஆலையிலிருந்து வர நேரமாகும். அதனால் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிவருவது அவர் பாடு.

நேற்று வாசலில் அவரைக் கண்டதும் பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டது. அதை ஒரு ஆயா பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், போதும். மாலைக்குள் பெற்றோர் கூடிவிட்டார்கள். அந்தத் தாடிக்காரனைத் தெருவிலேயே விடக்கூடாது என்று கத்தினார்கள். யாரோ அவர் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டை ஊற்றினார்கள். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்து அகதி மனுவின் பதிலுக்காகக் காத்திருக்கிற மனிதர். வழக்கு என்று ஒன்று விழுந்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். இவர் தப்பி வந்ததே அங்கிருந்த ராணுவ முகாமிலிருந்துதான்.

இடைவேளையில் அனுசூயா தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் கிளி மகளோடு உட்கார்ந்திருந்தாள். தங்கராசா மேல் என்ன பழி என்று அவளிடம் இன்னும் யாரும் விளங்கச் சொல்லியிருக்கவில்லை.

"எங்களுக்காக வந்திருக்கிறியள், அக்கா," என்று எழுந்தவள், மகளை முன்னால் தள்ளிவிட்டாள். "துவா, அன்ரியை ஒருக்காக் கொஞ்சிப்போட்டு வா."

பிள்ளை ஓடிவந்தது. அனுசூயாவின் கழுத்தை எட்டிப் பிடித்து வளைத்து, கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடிப்போனது.

அனுசூயா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அடப்பாவமே, இவ்வளவுதானா?

தண்ணீர் குடிக்காமலேயே உள்ளே ஓடினாள். கிளி வீட்டார் பேசுகிற தமிழில் அந்தச் சொல்லுக்கு முத்தம் என்று பொருள், கன்னத்தில் கொடுக்கிற சாதாரண முத்தம், தப்பு என்னுடையது என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டாள். "வெளியே அந்தத் தாய் உங்களிடம் பேசினாளா?"

பேசினாள் என்றாள் அனுசூயா. பொய் சொல்ல வரவில்லை.

அதிகாரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். சொந்த மனிதர்கள் நெருக்கும்போது பயம் வருவது சகஜம், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றாள். அந்தக் கனிவைப் பார்க்க அனுசூயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, அந்த ஆளிடமே கேட்டுவிடலாம்," என்றாள் அதிகாரி.

பக்கத்து அறையில் தங்கராசா இருந்தார். விலங்கு எதுவும் போடவில்லை. ஆனாலும் இரண்டு கைகளையும் சேர்த்தே வைத்திருந்தார். இப்படிப்பட்ட அறைகளில் இருந்து பழகியவர் என்று தெரிந்தது.

இவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அனுசூயா முடிவு செய்துகொண்டாள். அந்தக் கெட்டுப்போன சொல்லைத் தொடவே கூடாது. ஐயத்துக்கு இடமில்லாத சொல்லாகக் கேட்க வேண்டும்.

"குழந்தைக்கு முத்தம் கொடுத்தீங்களா?" என்று கேட்டு, அதையே அதிகாரிக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

தங்கராசாவின் முகம் கறுத்துவிட்டது. அவருக்குத் தெரிந்த முத்தம் சினிமாவில் ஆணும் பெண்ணும் கொடுத்துக்கொள்வது. கட்டிய மனைவியிடம்கூட அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னதில்லை.

"முத்தமோ? ஐயோ மகள்! என்ர பேத்தி மாதிரிப் பிள்ளை. அந்தக் கேவலத்தை நான் செய்வனா?" மேசையில் அடித்து, தலையைத் தலையை ஆட்டி, குரல் உடைந்து மறுத்தார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "முத்தம் இல்லை என்கிறார்," என்றாள் அதிகாரி. "இப்போது குழந்தை சொன்ன சொல்லையே கேளுங்கள்."

"அவர் தப்பாகப் புரிந்துகொண்டார், நான் சொன்ன சொல்…"

"அந்தச் சொல்லை மட்டும், மேடம். வேறொன்றும் அவரிடம் பேசக்கூடாது."

கேட்காமல் எழுந்து போகலாம். போனால் வேறொருவரை வரவழைத்துக் கேட்பார்கள்.

"கொஞ்சினீங்களா?" என்று கேட்டாள்.

தங்கராசா நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். காலையிலிருந்து இப்போதுதான் ஒருத்தி அவருக்குப் புரிகிற மாதிரிக் கேட்டிருக்கிறாள். முகம் தெளிந்தது. லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"ஓம் மகள், ஓம்," என்று அதிகாரியைப் பார்த்தே பெரிதாகத் தலையாட்டினார். "ஒவ்வொரு நாளும் கொஞ்சிறனான்."